பட்டாசு விஷயமாகப் போய்ப் பேசிய அனுபவம்: பெங்களூர்க்காரர்கள் சொல்லுங்கள்

மர்ஃபி டவுன்காரன்:

போன தீபாவளிக்கு எங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினோம். கோரிக்கை சின்னதுதான். மைதானத்தில் போடும் பட்டாசுக் கடைகள் விதிப்படி இருக்கின்றனவா என்று வியாபாரம் தொடங்கும் முன்பே அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும். வெடிக்கிற பிள்ளைகளைத் துரத்திப் பயனில்லை, விற்கிற இடத்தில் பிடித்தால்தான் உண்டு என்பது என் கட்சி.

இதற்கு விதி இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள்படி தற்காலிகக் கொட்டகை தீப்பிடிக்காத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும், கடைக்குக் கடை 3 மீட்டராவது இடைவெளி வேண்டும், ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கக் கூடாது. சரி, பார்த்துவிடலாம் என்று பக்கத்து டெய்லரிடம் இஞ்சு டேப்பை வாங்கிக்கொண்டு போனேன். ஒன்றரை மீட்டர் டேப். இரண்டு கடைக்கு நடுவில் அதுவே முழுசாக விரியவில்லை. மேலே நீலத் தார்ப்பாய், எதிரும் புதிருமாக இரண்டு வரிசை.

கடைக்காரர் நம்ம பக்கத்து ஆள்தான். "என்னண்ணே, பந்தலுக்கு அளவெடுக்கிறீங்களா?" என்று சிரித்தார். புகை குறைவாக வரும் பசுமைப் பட்டாசு எது என்று கேட்டேன். "எல்லாமே பசுமைதான்" என்று ஒரு புஸ்வாணப் பெட்டியை நீட்டினார். பெட்டியில் ஓர் இலைப் படம், ஓரத்தில் கியூஆர் கோடு. போனைக் காட்டினேன், சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. பசுமைப் பட்டாசுக்குச் சான்று தரும் அரசு ஆய்வு நிறுவனமான நீரியின் முத்திரையைக் காணோம். "அதெல்லாம் கம்பெனிக்காரன் ஒட்டறது. நான் பெட்டியா வாங்கிப் பெட்டியா விக்கிறவன்."

அவர் மேல் கோபம் வரவில்லை. பின்னால் சரவெடிக் கட்டுகள் மேல் அவர் பையன் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பத்து வயது இருக்கும். சரவெடியை உச்ச நீதிமன்றம் தடை செய்தது 2018இல்.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

ஸ்ரீராம்புரம் அக்கா:

அம்மாவுக்கு வீசிங். அதே 2018 தீர்ப்பில் தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 மணி வரை என்று சொல்லியிருக்கிறார்கள் இல்லையா, எங்கள் தெருவில் 11 மணிக்கு மேல்தான் களை கட்டும். அவசர எண்ணுக்கு போன் செய்தேன். "மனெ நம்பர் ஹேளி" என்றார்கள். எதிர்வீட்டு அங்கிளின் கதவு எண்ணை எப்படிச் சொல்வது? அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ பிடித்துத் தருகிறவரே அவர்தான். போனை வைத்துவிட்டு நானே போனேன்.

"வருஷத்துக்கு ஒரு நாள்தானேம்மா" என்றார். வாங்க அங்கிள், ஒரு நிமிஷம் வந்து பாருங்கள் என்று கூட்டி வந்தேன். அம்மா நெபுலைசர் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். பாவம், அங்கிள் முகம் சுருங்கிவிட்டது. உடனே அணுகுண்டை எல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பாம்பு மாத்திரையை மட்டும் கொடுத்தார். சத்தமில்லாத சாமான் ஆயிற்றே என்று அவருக்கு நினைப்பு. எனக்கும்தான். அரை மணி நேரத்தில் அம்மாவுக்கு இருமல் கூடிவிட்டது. புனேயில் பட்டாசுப் புகையை அளந்து பார்த்ததில் நுண்துகளை அதிகமாகக் கக்கியது அந்தப் பாம்பு மாத்திரைதான் என்று அப்புறம்தான் படித்தேன். பசுமைப் பட்டாசிலும் புகை சுமார் 30 சதவீதம்தான் குறைவு என்கிறார்கள்.

சாத்தூர்க்காரன், இப்போது கே.ஆர்.புரம்:

கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் அத்தை சரவெடி பின்னியவர். எத்தனை பின்னினாரோ அத்தனைக்குக் கூலி. தடை வந்த பிறகு அந்த வேலை போய், நூறு நாள் வேலைக்குப் போனார். போன வருஷம் எங்கள் அபார்ட்மெண்ட்டில் ஒருவர் கையெழுத்துக்கு வந்து, "சிவகாசியை இழுத்து மூடணும் சார்" என்றார். மூடிவிட்டு அவர்களுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அடுத்த வீட்டு மணியை அடித்தார். மர்ஃபி டவுன்காரர் டேப்போடு வந்தால் கையெழுத்துப் போடுவேன். கொட்டகை இடைவெளி கூடினால் எங்கள் அத்தைக்கு நஷ்டமில்லை.

பொம்மனஹள்ளி:

நான் வருஷா வருஷம் அத்திப்பள்ளிக்குப் போய் வாங்குகிறவன். ஓசூர் ரோட்டில் மலிவு. 2023 அக்டோபர் 7, அங்கே லாரியிலிருந்து பெட்டி இறக்கும்போது தீப்பிடித்தது. முதலில் 14 பேர் இறந்ததாகச் சொன்னார்கள், பிறகு எண்ணிக்கை கூடியது. தருமபுரி மாவட்டம் அம்மாபேட்டையிலிருந்து சீசன் வேலைக்கு வந்த பையன்கள் பலர், படிக்கிற வயசு. அதற்குப் பிறகுதான் கல்யாணத்துக்கும் ஊர்வலத்துக்கும் வெடிக்கக் கூடாது, விற்றால் பசுமைப் பட்டாசு மட்டும் என்று கர்நாடக அரசு அறிவித்தது.

அடுத்த மாதம் அதே ரோட்டில் பட்டாசு வாங்கக் கூட்டம். நானும் நின்றேன், மறைக்க என்ன இருக்கிறது? எனக்குப் பில் போட்ட பையனிடம் எந்த ஊர் தம்பி என்று கேட்டேன். "அரூர் பக்கம்ணா" என்றான். அம்மாபேட்டையும் அந்தப் பக்கம்தான். அதற்கு மேல் கேட்கவில்லை. மத்தாப்பு மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மர்ஃபி டவுன்காரன்:

சாத்தூர்க்காரரே, சிவகாசியை மூடச் சொல்லி எங்கள் மனுவில் ஒரு வரி கிடையாது. வந்து படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

மனு கொடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வியாபாரம் தொடங்கி மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். தார்ப்பாயை எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள், தகரம் போட்டார்கள். இடைவெளி அப்படியே. நட்ட கம்பத்தைப் பிடுங்கு என்றால் யார் கேட்பார்கள்? இந்த வருஷம் கம்பம் நடும் அன்றைக்கே எனக்கு போன் போடுவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். 5 மீட்டர் டேப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.