குடியிருப்பில் குடும்ப நலத் திட்டம்: நடையில் தொடங்குவதா, சமையலில் தொடங்குவதா?

நெல்லைவாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் பெருகிவருவதால், குடும்பத்தோடு பங்கேற்கும் வகையில் ஒரு திட்டத்தைக் குடியிருப்போர் நலச் சங்கம் தொடங்க எண்ணுகிறது. ஞாயிறுதோறும் காலை 6 மணிக்குக் கூட்டு நடையும், மாதம் ஒருமுறை உணவு குறித்து மருத்துவர் ஒருவரின் உரையும் இப்போதைய வரைவில் உள்ளன. இவை போதுமா?

ஊர்நலப் பணியாளர்:
உரையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பழையபடியே தாளிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பின்லாந்தின் வட கரேலியா, நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் இறப்பது உலகிலேயே மிக அதிகமாக இருந்த இடங்களுள் ஒன்று. அங்கே 1972இல் பெக்கா புஸ்கா தலைமையில் பணியைத் தொடங்கிய குழு, நோயாளிகளைத் தனித்தனியே திருத்த முற்படாமல், வெண்ணெயும் உப்பும் மிகுந்த ஊர்ச் சமையலையே மாற்ற முனைந்தது. மார்த்தா என்னும் இல்லத்தரசியர் அமைப்பினர் உள்ளூர் உணவுகளையே கொழுப்பைக் குறைத்து, காய்கறியைக் கூட்டி, ஊர்க்கூட்டங்களில் சமைத்துப் பரிமாறினர்; பால்பண்ணையாளர் சிலர் பெர்ரி சாகுபடிக்கு மாறினர். அடுத்த நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய் இறப்பு 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. புகைப்பழக்கம் குறைந்ததற்கும் இதில் பங்குண்டு.

ஆகவே உரைக்குப் பதிலாகச் சமைத்துக் காட்டுங்கள், உப்பிலிருந்து தொடங்குங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதன்படி, நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாளாவது வரவேண்டும். அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் இந்தக் கணக்கில் சேரவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மதுரைக்காரி:
குடும்பத்தோடு என்று எழுதிவிட்டுக் காலை 6 மணியைக் குறித்திருக்கிறீர்கள். அந்நேரத்தில் பால் காய்ச்சி, சட்னி அரைத்து, அடுப்படியில் நிற்பவர் எப்படி வருவார்? ஆண்கள் மட்டும் நடந்துவிட்டு வந்து இட்லிக்கு உட்காருவதைக் குடும்பத் திட்டம் என்று சொல்ல முடியாது. மாலை 5 மணிக்கு மாற்றுங்கள். சமையல் நிகழ்ச்சியில் காய் நறுக்கும் பொறுப்பை ஆண்களிடம் ஒப்படையுங்கள். பிள்ளைகளை வரிசையில் நடக்கச் சொன்னால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். அவர்களுக்கு நாள்தோறும் 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் தேவை என்பதால், நொண்டியும் கபடியும் ஆட இடம் ஒதுக்குங்கள்.

கோவை வாசகர்:
ஞாயிறு நடை ஒரு தொடக்கம் மட்டுமே. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது வேண்டும். ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின்கீழ், 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதையைத் தொடங்கியது. ஆனால் அது தொலைவில் இருந்தால், தெருவில் விளக்கும் நாய்த்தொல்லையும் சரிசெய்யப்பட்டாலே அன்றாட நடை கூடும்.

நெல்லைவாசி:
மிக்க நன்றி. நேரத்தை மாலைக்கு மாற்றிவிடலாம். உப்புப் பொட்டலத்தில் பிரித்த தேதியை எழுதச் சொல்ல நினைக்கிறேன். ஆனால் அடுத்த வீட்டார் முன்னால் அந்தக் கணக்கைச் சொல்ல யாரும் கூசுவார்களே?

ஊர்நலப் பணியாளர்:
கணக்கைக் கேட்டு வாங்காதீர்கள். அது அந்தந்த வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். சென்ற பொட்டலத்தைவிட இந்தப் பொட்டலம் எத்தனை நாள் கூடுதலாக வந்தது என்பதை மட்டும், விரும்புகிறவர்கள் கூட்டத்தில் சொல்லட்டும்.