படகில் தூக்கம், பகலில் சைக்கிள்: ஆம்ஸ்டர்டாம்–ப்ரூஜ் போகலாமா, பூலாம்பட்டியே போதுமா?

மாமாங்கம்58:
நானும் வீட்டுக்காரம்மாவும் வர்ற ஏப்ரல் கடைசியில ஒரு பயணம் யோசிச்சிருக்கோம். 8 நாள், 7 ராத்திரி. ஆம்ஸ்டர்டாம்ல ஏறி பெல்ஜியத்துல ப்ரூஜ்ல இறங்கணும். பழைய சரக்குப் படகை அறை அறையாத் தடுத்து தங்குற மாதிரி மாத்தியிருக்காங்க. காலையில சைக்கிளை எடுத்துக்கிட்டு 40, 45 கி.மீ. ஓட்டினா, சாயங்காலம் அந்தப் படகு அடுத்த ஊர்ல கட்டிக் கிடக்கும். பெட்டி படுக்கையெல்லாம் அதுலயே வந்துடும். நம்ம சேலம் ஞாயித்துக்கிழமை சைக்கிள் குழுவுல சொன்னதும் பாதிப் பேர் சிரிச்சுட்டாங்க. அதான் இங்க வந்து கேக்கறேன், இதுல என்னய்யா சிரிப்பு?

இருபதாம்வளைவு:
சிரிச்சதுல நானும் ஒருத்தன், ஒத்துக்கறேன். போயிட்டு வாங்கண்ணா, தாராளமா. ஆனா அதை சைக்கிள் பயணம்னு மட்டும் சொல்லாதீங்க. சாமான் படகுல, வழிகாட்டி முன்னால, மேடுங்கிற பேச்சே இல்லை. நெதர்லாந்துக்கு ஐரோப்பாவுல இருக்கிற நிலத்துலயே உசந்த இடம் 322 மீட்டர்தான். அதுவும் தெக்கு மூலையில, உங்க வழியில வராது. நம்ம சேலம் ஜங்ஷனே கிட்டத்தட்ட அந்த உசரத்துலதான் நிக்குது! அங்கிருந்து 20 கொண்டை ஊசி ஏறி, ஏற்காடு ஏரிக்கரையில மூச்சு வாங்கி உக்காருறோமே, அது பயணம்.

தறிச்சத்தம்:
எனக்கு மேடு பள்ளமெல்லாம் பிரச்சினை இல்லைங்க, காசுதான். படகுக்கு மட்டும் ஒருத்தருக்கு ஆயிரம் யூரோவாவது ஆகுமாம். விமானம், விசா, காப்பீடு, கைச்செலவுன்னு கூட்டினா ரெண்டு பேருக்கு அஞ்சு லட்சம் தொட்டுடும்னு என் கணக்கு. அம்மாப்பேட்டையில அந்தக் காசுக்கு என்னென்ன செய்யலாம்னு பட்டியல் போட்டா ராத்திரி விடிஞ்சுடும். சமதரையில 40 கி.மீ. ஓட்ட எதுக்கு ஏழு கடல் தாண்டணும்?

கன்னங்குறிச்சிக்காரி:
போன மே மாசம் இதே வழியில நானும் எங்க வீட்டுக்காரரும் போயிட்டு வந்தோம். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

வளைவுத் தம்பி, மேடு இல்லைங்கிறது உண்மை. ஆனா காத்து இருக்கு. கடல் மட்டத்துக்குக் கீழ கிடக்கிற வயக்காடு, கண்ணுக்கெட்டின தூரம் ஒரு மரம் மறைப்பு கிடையாது. எதிர்க்காத்து அடிச்சா மூணு மணி நேரம் ஒரே மாதிரி அடிக்கும். ஏற்காட்டுல வளைவு திரும்பினா ஒரு நிமிஷம் கால் ஆறும். அங்க திரும்பறதுக்கு வளைவே இல்லை.

முத நாள் எனக்குப் பெரிய தொல்லை வலது பக்கம் ஓட்டறது. கை தானா இடது பக்கமே இழுக்கும். பின்னால மணி அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. வழி தவறும்கிற பயம் மட்டும் இல்லை. பாதை சந்திப்புக்கெல்லாம் எண் போட்டிருக்கு. 23, 41, 67ன்னு துண்டுச்சீட்டுல எழுதி கைப்பிடியில ஒட்டிக்கிட்டா போதும். பெல்ஜியத்து லிம்பர்க்ல 1995ல ஆரம்பிச்ச முறையாம்.

கிண்டர்டைக்ல 19 காத்தாலை வரிசையா நிக்குது, 1740ஐ ஒட்டிக் கட்டினது. மாவு அரைக்கிறதுக்குன்னுதான் நெனச்சிருந்தேன். இல்லை, பள்ளத்துல தேங்குற தண்ணியை மேல இறைச்சு ஆத்துல விடறதுக்கு. நம்ம ஊர்ல மாடு கட்டி கவலை இறைச்சோமே, அங்க மாட்டுக்குப் பதிலா காத்து. நாம தண்ணி வேணும்னு இறைச்சோம், அவங்க வேண்டாம்னு இறைச்சிருக்காங்க.

ஆன்ட்வெர்ப்ல ஆத்துக்கு அடியில நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் ஒரு சுரங்கம், 572 மீட்டர். 1933ல திறந்தது, மர எஸ்கலேட்டர் இன்னும் ஓடுது. எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை போய் வந்தார், சின்னப் பையன் மாதிரி.

குறையும் சொல்லணும்ல. அறை நம்ம ரயில் கூபே அளவுதான். நிமிர்ந்தா தலை இடிக்கும். மதியத்துக்கு ரொட்டியும் சீஸும் நாமளே கட்டிக்கிட்டுப் போகணும். மூணாவது நாள் புளிக்காய்ச்சல் டப்பாவைத் திறந்தேன். பக்கத்து மேசை ஜெர்மன்காரம்மா கேட்டு வாங்கித் தின்னாங்க.

இருபதாம்வளைவு:
காத்து விஷயம் சரிங்க்கா, அதை நான் யோசிக்கலை. ஆனா சாமான் தூக்காம ஓட்டறது?

கன்னங்குறிச்சிக்காரி:
நீ ஏற்காடு ஏறும்போது எத்தனை கிலோ தூக்கிட்டுப் போற தம்பி? ரெண்டு பாட்டில் தண்ணியும் ஒரு வாழைப்பழமும்தானே.

கொலுசுப்பட்டறை:
அக்கா, அந்த வழியில ஸ்கோன்ஹோவன்னு ஒரு ஊர் வருமே, படகு நின்னுச்சா? வெள்ளி வேலைக்குப் பேர் போன ஊர், லெக் ஆத்தங்கரை. செவ்வாய்ப்பேட்டையில நாப்பது வருஷமா கொலுசுக்குப் பத்த வைக்கிறவன் நான். பட்டறை எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.

கன்னங்குறிச்சிக்காரி:
ஒரு ராத்திரி நின்னுச்சுண்ணா. வாசல்ல கண்ணாடி, உள்ள ஒரு அம்மா தனியா உக்காந்து ஸ்பூனுக்குப் பூ வேலை பண்ணிட்டிருந்தாங்க. சத்தமே இல்லை. உங்க தெருவுல காலையில இருந்து கேக்கற டக்டக் அங்க கேக்கலை. கொலுசு போட்டிருந்தேன், குனிஞ்சு பாத்துட்டு திருகாணியைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க.

கொலுசுப்பட்டறை:
சரி. அது போதும்.

மேட்டூர்வாய்க்கால்:
எல்லாரும் ஹாலந்துலயே நிக்கறீங்க. மேட்டூர் அணையில இருந்து கிழக்குக்கரை, மேற்குக்கரைன்னு ரெண்டு வாய்க்கால் போகுது. சேலம், நாமக்கல், ஈரோடு மூணு மாவட்டத்துல 45,000 ஏக்கர் அதை நம்பித்தான். ஆகஸ்ட் 1ல திறந்தா டிசம்பர் 15 வரைக்கும் தண்ணி. கரைமேலயே வண்டித்தடம், ரெண்டு பக்கமும் நெல்லும் கரும்பும். நம்ம வாய்க்காலை மறந்துட்டு அவன் வாய்க்காலைப் பாக்க விசா எடுக்கறோம். எனக்கு இது பிடிக்கலை, அவ்வளவுதான்.

மாமாங்கம்58:
அந்தக் கரையில நான் ஓட்டியிருக்கேன் தம்பி. பத்து கி.மீ. சொர்க்கம், அப்புறம் முள்ளு. ரெண்டு பஞ்சர், ஒரு நாய். வேலி அடைச்சிருந்த இடத்துல சைக்கிளைத் தூக்கித்தான் தாண்டினேன்.

அதை விடுங்க, அடிப்படையே வேற. நம்ம வாய்க்கால் வயலுக்கு வெட்டினது, தண்ணி ஒரே பக்கமா கீழ ஓடினா வேலை முடிஞ்சுது. அவங்களோடது படகுக்கு. போகவும் வேணும், வரவும் வேணும். மட்டம் மாறுற இடத்துல ரெண்டு கதவுக்கு நடுவுல படகை நிறுத்தி தண்ணியை ஏத்தி இறக்குவாங்க, லாக்னு பேரு. படகை அந்தக் காலத்துல கரையில குதிரை கட்டி இழுத்தாங்க, அதுக்காகப் போட்ட கரைப்பாதைதான் பல இடத்துல இன்னிக்கு சைக்கிள் பாதை. யாரும் சைக்கிளுக்குன்னு திட்டம் போட்டு ஆரம்பிக்கலை.

நம்மகிட்டயும் படகு வாய்க்கால் இருந்துச்சு. பக்கிங்காம் கால்வாய், காக்கிநாடாவுல இருந்து மரக்காணம் பக்கம் வரை சுமார் 796 கி.மீ. உப்பும் விறகும் படகுல போச்சு. 1877 பஞ்சத்துல கூலிக்கு ஆள் வச்சு நீட்டினாங்க. இப்ப சென்னைக்குள்ள அதும் பக்கத்துல மூக்கைப் பொத்தாம நிக்க முடியுமா?

தறிச்சத்தம்:
நம்ம திருமணிமுத்தாறு மட்டும் என்ன மணக்குதா.

மேட்டூர்வாய்க்கால்:
அதைத்தான் சொல்றேன். அவன் வச்சுக் காப்பாத்தறான், நாம போய் போட்டோ எடுக்கறோம். அஞ்சு லட்சத்தை அங்க குடுக்கறதுக்கு, கரையில முள்ளு வெட்ட நாலு பேரைச் சேத்தா என்ன?

மாமாங்கம்58:
முள்ளு வெட்ட வரேன். டிக்கெட்டும் எடுப்பேன். ஒண்ணு செஞ்சா இன்னொண்ணு செய்யக்கூடாதா?

என் காரணத்தைச் சொல்லிடறேன். வீட்டுக்காரம்மாவுக்கு முட்டி வலி. முப்பது வருஷமா நான் காலையில சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கிளம்புவேன், அவ கேட்டைச் சாத்துவா. அங்க கால் வலிக்கிற அன்னிக்கு அவ படகுலயே இருந்துக்கலாம், நான் ஓட்டிட்டு வந்து சேந்துக்கலாம். முடிஞ்சா பேட்டரி சைக்கிள். ஏற்காட்டுல அது நடக்காது தம்பி.

இருபதாம்வளைவு:
இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் சிரிச்சிருக்கவே மாட்டேன்ணா. இருந்தாலும் அது சைக்கிள் பயணம் இல்லைங்கிறது என் கருத்து. அதுல மாத்தமில்லை.

கன்னங்குறிச்சிக்காரி:
தறிக்காரரே, பெல்ஜியத்துல கென்ட் நகரம் உங்க ஊர் மாதிரி துணிக்கு வாழ்ந்த ஊர். இங்கிலாந்துக்காரன் நூற்பு மெஷினை வெளிய விடமாட்டேன்னு சட்டம் வச்சிருந்தப்ப, லீவன் பாவென்ஸ்னு ஒருத்தர் அதைப் பகுதி பகுதியாக் கழட்டிக் கடத்திட்டு வந்தாராம். சிலை வச்சிருக்காங்க.

தறிச்சத்தம்:
கடத்தினவனுக்குச் சிலையா! இந்த ஒரு சேதிக்கு வேணா அஞ்சு லட்சத்துல ஆயிரம் ரூபா கழிச்சுக்கறேன்.

விசா எந்த நாட்டுல போடணும், ரெண்டு நாடு வருதே?

கன்னங்குறிச்சிக்காரி:
ராத்திரி எந்த நாட்டுல அதிகமோ அங்க. சமமா இருந்தா முதல்ல இறங்கற நாடு. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். படகு போடற கால அட்டவணையில ராத்திரிகளை எண்ணிப் பாத்துட்டு விண்ணப்பம் போடுங்க.

மேட்டூர்வாய்க்கால்:
சரி, ஒரு ஏற்பாடு. படகும் சைக்கிளும் சேந்து பாக்க ஹாலந்து வரை போக வேண்டியதில்லை. பூலாம்பட்டியில கதவணை கட்டினதால காவிரி ஏரி மாதிரி நிக்குது. பைக்கையே படகுல ஏத்தி நெரிஞ்சிப்பேட்டைக்குக் கொண்டு போறாங்க. இந்த ஞாயிறு காலை 5 மணிக்கு அஞ்சு ரோடு. எடப்பாடியில டீ. அக்கரையில இறங்கி மேற்குக்கரை வாய்க்கால் பக்கம் பாத்துட்டுத் திரும்பறோம். மாமாங்கம் அண்ணா, அண்ணியைக் கார்ல படித்துறைக்குக் கூட்டிட்டு வந்துடுங்க.

மாமாங்கம்58:
கேட்டேன். வர்றாளாம். தட்டுவடை செட் கட்டிக்கிட்டு வர்றேங்கறா.

இருபதாம்வளைவு:
நானும் வரேன். ஆனா எடப்பாடி வரைக்கும் எல்லாம் சமதரைதானே, போர் அடிக்கும்.

மேட்டூர்வாய்க்கால்:
எதிர்க்காத்து இருக்கும் தம்பி, கவலைப்படாதே. சைக்கிள் ஏத்த படகுக்காரர்கிட்ட சில்லறை தேடக்கூடாது, எல்லாரும் பத்து ரூபாத் தாளா எடுத்துக்கிட்டு வாங்க.