‘டோன்’ குமிழுக்கு ‘வடிகுமிழ்’: பேஸ் கிட்டார் கலைச்சொல் விவாதம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம். தருமபுரியிலிருந்து எழுதுகிறேன்.

பேஸ் கிட்டாரின் ‘டோன்’ குமிழுக்குத் தமிழ்ச் சொல் கேட்டுத் தொடங்கிய இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தொனிக் கட்டுப்பாடு, ஒலிநயக் குமிழ், சுருதிக் குமிழ். மூன்றாவதை உடனே விலக்கிவிடலாம். சுருதியை மாற்றுவது கம்பியை முறுக்கும் பிருடை. இந்தக் குமிழை எந்தப் பக்கம் திருகினாலும் சுருதி இம்மியும் நகராது. மற்ற இரண்டும் தவறான சொற்கள் அல்ல. ஆனால் அந்தக் குமிழ் என்ன வேலை செய்கிறது என்பதை இரண்டுமே சொல்லவில்லை. நான் முன்வைக்கும் சொல் ‘வடிகுமிழ்’. உள்ளே இருக்கும் சுற்றைப் பார்த்தால்தான் இதன் பொருத்தம் தெரியும் என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் இதற்கு அன்றாடத் தேவை இருக்கிறது. பாலக்கோடு, அரூர், பென்னாகரம், காவேரிப்பட்டணம் என்று எந்த ஊர்த் திருவிழாவிலும் ஓர் இன்னிசைக் குழு மேடையேறும். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தனி வழியில் நடப்பதால், அதை வாசிக்கும் பையன் கொஞ்சம் பிசகினாலும் கூட்டம் கண்டுபிடித்துவிடும். அவன் கையில் இருப்பது பெரும்பாலும் விலை குறைந்த கிட்டார்தான். கையில் நாலு காசு சேர்ந்ததும் உள்ளே இருக்கும் மின்பாகங்களை மாற்றப் பார்க்கிறான். மின்பாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் அலைகிறான். “டோன் நல்லா வரணும்ண்ணா” என்று சொல்லிக்கொண்டு முதலில் மாற்றுவது எதை? டோன் மின்தேக்கியை! ஒலியின் மொத்தக் குணத்துக்கும் ‘டோன்’, அந்த ஒற்றைக் குமிழுக்கும் ‘டோன்’ என்று பெயர் இருப்பதால் வரும் குழப்பம் இது. ‘தொனிக் குமிழ்’ என்று மாற்றி எழுதினால் இதே குழப்பத்தைத் தமிழிலும் குடியேற்றுவோம்.

இனிச் சுற்று. பிக்அப் என்பது காந்தத்தின் மேல் தலைமுடியளவு மெல்லிய செம்புக்கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றிய சுருள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. காற்றில் வரும் ஒலியை அது கேட்பதே இல்லை. கம்பியின் அசைவை மட்டும், அதுவும் தனக்கு நேர் மேலே இருக்கும் துண்டின் அசைவை மட்டும், உணர்கிறது. வழக்கமான பேஸில் அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலம். திறந்த கம்பியில், அதாவது விரல் அழுத்தாத கம்பியில், அதன் கால் பங்கு இடத்தில் பிக்அப்பை வைத்தால், நான்காம் சீரிசைக்கு (அடிச்சுரத்தின் நான்கு மடங்கு அதிர்வெண்ணுக்கு) அந்த இடம் அசையாப் புள்ளி. ஆகவே அந்தச் சீரிசை வயரில் ஏறவே ஏறாது. எந்தக் குமிழாலும் அதை மீட்க முடியாது. ஒலியின் குணத்தில் பெரும்பங்கு இங்கேயே முடிவாகிவிடுகிறது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சுருளுக்குத் தன்மின்தூண்டல் உண்டு. கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளுக்கு மின்தேக்குத்திறன் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒத்ததிர்வு. சுருள் 4 ஹென்றி, ஐந்து மீட்டர் கேபிளும் சுருளின் சொந்த மின்தேக்குத்திறனும் சேர்ந்து 600 பிக்கோஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒத்ததிர்வு ஏறத்தாழ 3,200 ஹெர்ட்ஸில் விழுகிறது. அந்த இடத்தில் ஒலி ஒரு மேடு கட்டி எழும். அதற்கு மேலே சரசரவென்று இறங்கிவிடும். விரல் கம்பியைத் தட்டும் ‘டக்’ என்ற கூர்மை கேட்பது இந்த மேட்டால்தான். செம்புக்கம்பிச் சுற்றுகள் குறைந்த பிக்அப் போட்டால் மேடு மேலே நகரும், ஒலி பளிச்சென்று ஆகும், சத்தம் சற்றுக் குறையும். கடையில் ‘கண்ட்ரோல்’ என்று கேட்டு வாங்கும் மாறுமின்தடையை 250 கிலோஓமிலிருந்து 500 கிலோஓமாக மாற்றினால் மேடு இன்னும் கூராகும். கேபிளை நீளமாக்கினால் மேடு கீழே இறங்கும். பத்து மீட்டர் கேபிள் போட்டு மேடையின் ஓரத்தில் நின்று வாசிப்பவர் கிட்டாரில் எதையும் தொடாமலே தன் ஒலியை மாற்றிவிடுகிறார்.

இப்போது நம் குமிழ். அதன் பின்னால் ஒரு மாறுமின்தடை, அதோடு தொடராக ஒரு மின்தேக்கி. மின்தேக்கியின் மறுமுனை தரைக்கம்பியில். கடைக்காரர் ‘473’ என்று அச்சடித்துத் தருவாரே, 47 நானோஃபாரட், பேஸில் அதுதான் வழக்கமான மதிப்பு. குமிழை முழுதாகத் திறந்துவைத்தால் மின்தேக்கிக்கு முன்னால் 250 கிலோஓம் மறித்து நிற்கிறது. மின்தேக்கிக்கு அங்கே வேலையே இல்லை. குமிழை மூட மூட அந்தத் தடை குறைகிறது, மேற்சுரங்கள் மின்தேக்கி வழியாகத் தரைக்கு வடிந்துபோகின்றன. முழுதாக மூடினால் 47 நானோஃபாரட்டும் சுருளோடு நேரடியாகச் சேர்ந்துவிடும். முன்பு 3,200 ஹெர்ட்ஸில் இருந்த ஒத்ததிர்வு ஏறத்தாழ 365 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடுகிறது, அங்கே ஒரு சிறு புடைப்பும் எழுகிறது. மூடிய பேஸ் மொத்தையாக இல்லாமல் உருண்டு திரண்டு கேட்பதற்குக் காரணம் அந்தப் புடைப்பு. ‘223’ (22 நானோஃபாரட்) போட்டால் அது ஏறத்தாழ 530 ஹெர்ட்ஸில் நிற்கும், ‘104’ (100 நானோஃபாரட்) போட்டால் 250 ஹெர்ட்ஸில்.

ஆக, இந்தக் குமிழால் ஒலியோடு எதையும் சேர்க்க முடியாது. வடியவிடும், வடிந்ததுபோக எஞ்சியதற்கு ஒரு வடிவம் கொடுக்கும். இந்த இரண்டு வேலைக்கும் சேர்த்துத் தமிழில் ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது. சோறு வடிக்கிறோம், சிலை வடிக்கிறோம். ஒகேனக்கல்லில் வெள்ளம் வடிந்தது என்கிறோம். வடிகால், வடிதட்டு எல்லாம் புழக்கத்தில் இருக்கும் சொற்கள். அந்த வரிசையில் வடிகுமிழ். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. ‘வடிக்குமிழ்’ என்று எழுத வேண்டாம்.

இந்தச் சொல் கையில் இருந்தால் அந்தப் பையனுக்கு எளிதாகச் சொல்லலாம்: “தம்பி, அது வடிகுமிழ். நீ முழுசா திறந்துவெச்சு வாசிக்கிறவன். விலை கூடின மின்தேக்கி போட்டா உனக்கு ஒண்ணும் மாறாது. அந்தக் காசுக்கு பிக்அப்பைப் பாரு.” மூடி வாசிப்பவருக்கும் மின்தேக்கியின் மதிப்புதான் முக்கியம், மேலுறையின் நிறமோ விலையோ அல்ல.

இரைச்சலைப் பற்றியும் இரண்டு வரி. கோயில் மேடையில் சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் பக்கத்திலேயே இருக்கும்போது ஒற்றைச் சுருள் பிக்அப் 50 ஹெர்ட்ஸ் முனகலை இழுக்கும். ஃபெண்டர் நிறுவனம் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் 1957இல் சுருளை இரண்டாகப் பிரித்து எதிரெதிராக இணைத்தது. அதோடு முனகல் அடங்கியது. கிட்டாரின் மின்பாகங்கள் இருக்கும் உட்குழிவில் செம்புத் தாள் ஒட்டினால் ‘சர்’ரென்ற இரைச்சல் குறையும், டிரான்ஸ்ஃபார்மர் முனகல் குறையாது. இந்த வகை மேம்பாட்டுக்கும் வடிகுமிழுக்கும் தொடர்பில்லை.

ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1916இல் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டம். நம் ஊர்களுக்கு இந்த வேலை புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

*

மறுமொழி, ஓசூரிலிருந்து:

அண்ணா, வணக்கம். சுற்றை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனாலும் எனக்கு இரண்டு தடைகள்.

ஒன்று, என் கிட்டாரில் பேட்டரி இருக்கிறது. 9 வோல்ட். அதில் தாழ்ந்த ஒலிக்கு பேஸ், உயர்ந்த ஒலிக்கு ட்ரெபிள் என்று இரண்டு குமிழ்கள். நடுவில் ஒரு பள்ளம் விரலுக்குத் தட்டும்; அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் கூடுகிறது, இடப்பக்கம் திருகினால் குறைகிறது. கூடுவதை எப்படி ‘வடிதல்’ என்பது? எங்கள் மைக்செட் ஆட்கள் மேடைக்குக் கீழிருந்து “பேஸ் ஏத்து, ட்ரெபிள் இறக்கு” என்றுதான் கத்துவார்கள். அதையே வைத்து ‘ஏற்றிறக்கி’ என்று இரண்டு வகைக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் என்ன?

இரண்டாவது, ‘வடிப்பான்’ என்று ஏற்கெனவே ஒரு சொல் மின்னணுவியலில் இருக்கிறது. எல்லா வடிப்பானும் மேற்சுரத்தையா வெட்டுகிறது? தாழ்ந்த அதிர்வெண்ணை வெட்டுவதும் உண்டே. சொல் போதுமான அளவு குறுகவில்லை என்று தோன்றுகிறது. ‘மட்டுக்குமிழ்’ என்றால் மட்டுப்படுத்துவது என்ற பொருள் நேராக வரும்.

பேட்டரி வகையையும் மற்ற வகையையும் எப்படிப் பிரித்துச் சொல்வது என்பதையும் எழுதுங்கள். ஆக்டிவ், பாசிவ் என்பதற்கு ‘செயல்படு சுற்று, செயல்படாச் சுற்று’ என்று ஓர் இடத்தில் படித்தேன், என் கிட்டார் ஆசிரியர் அதைக் கேட்டுவிட்டு, “செயல்படாத சுற்றை எதுக்குப்பா வெச்சிருக்காங்க?” என்றார்.

*

மறுமொழி, தருமபுரியிலிருந்து:

தம்பி, ‘ஏற்றிறக்கி’ அருமையான சொல். மைக்செட்காரர் வாயிலிருந்து வந்ததால் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அதைப் பேட்டரி வகைக்கு மட்டுமே வைத்துக்கொள்வோம். இரண்டு குமிழும் இரண்டு வேறு வேலை செய்கின்றன என்பதுதான் நாம் சொல்ல வந்ததே; பொதுப்பெயர் கொடுத்தால் அந்த வேறுபாடு மறைந்துபோகும்.

1976இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே பேஸ் கிட்டாருக்குள்ளேயே பெருக்கிச் சுற்றும் மின்கலமுமாக வந்தது. அந்த வகையில் குமிழ் உண்மையாகவே ஒலியைச் சேர்க்கிறது, பலவற்றில் 12 டெசிபல் அளவுக்கும் அதற்கு மேலும். 12 டெசிபல் என்றால் மின்னழுத்தத்தில் நான்கு மடங்கு, ஆம்ப்ளிஃபயரிடம் கேட்கும் திறனில் பதினாறு மடங்கு. பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. நம் திருவிழா மேடைகளின் சிறிய பெட்டிகள் அந்த அதிர்வெண்ணை ஒழுங்காக வெளியிடுவதே இல்லை; 82, 123 ஹெர்ட்ஸ் சீரிசைகளைக் கேட்டு அடிச்சுரத்தை நம் காதே நிரப்பிக்கொள்கிறது. அங்கே பேஸ் குமிழை முழுதாக ஏற்றினால் கேட்காத ஒலிக்காக ஆம்ப்ளிஃபயர் திணறும், பாடகர் குரலும் சேர்ந்து கரகரக்கும். ஏற்றிறக்கி என்ற பெயரில் ‘இறக்கு’ம் இருப்பது எனக்குப் பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பேட்டரிச் சுற்று வேறோர் உதவியும் செய்கிறது: பிக்அப்பையும் கேபிளையும் பிரித்துவிடுவதால் கேபிள் எவ்வளவு நீண்டாலும் அந்த மேடு பெரிதாக நகராது. பலர் பேட்டரி வகைக்கு மாறியதும் ‘தெளிவு’ என்று உணர்வதில் ஒரு பங்கு இதுதான். 18 வோல்ட்டாக்கினால் ஒலியின் குணம் மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஓங்கி அடிக்கும்போது சிதையாமல் இருக்க இடம் கூடும், அவ்வளவே. வாசித்து முடித்ததும் பிளக்கைக் கழற்றிவிடு. பெரும்பாலான கிட்டார்களில் பிளக் செருகியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.

உன் ஆசிரியர் கேட்ட கேள்வி சரியானது. ‘ஊட்டச் சுற்று’ என்று வேறொரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். பாடநூல்களில் மின்னூட்டம் வேறு பொருளில் நிலைத்துவிட்டதால் அது ஒத்துவராது. பேட்டரி உள்ளது ‘மின்கலச் சுற்று’, இல்லாதது ‘வெறுஞ்சுற்று’ என்று வைப்போம். ‘வெறுங்கை’ என்பதில் உள்ள அதே ‘வெறும்’.

‘மட்டுக்குமிழ்’ பற்றி: மட்டுப்படுத்து என்றால் கேட்பவர் மனத்தில் முதலில் வருவது சத்தத்தைக் குறைப்பது. அது வால்யூம் குமிழோடு மோதும். ‘வடிப்பான்’ பொதுச்சொல்லாகவே இருக்கட்டும். வடிகுமிழ் அந்தக் குடும்பத்தில் ஒன்று, எதை வடிக்கிறது என்பதை விளக்கத்தில் எழுதிவிடலாம். வடிதட்டு சோற்றுக்கானது என்று அந்தப் பெயரிலும் எழுதியிருக்கவில்லையே.

நம் பட்டியலில் இப்படிச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். வடிகுமிழ்: வெறுஞ்சுற்றுக் கிட்டாரில், மின்தேக்கி வழியாக மேற்சுரங்களைத் தரைக்கு வடியவிடும் குமிழ். ஏற்றிறக்கி: மின்கலச் சுற்றுக் கிட்டாரில், குறிப்பிட்ட அதிர்வெண் பகுதியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் குமிழ். சில கிட்டார்களில் இரண்டும் உண்டு; மின்கலச் சுற்றை அணைத்துவிட்டு வெறுஞ்சுற்றாகவும் வாசிக்கலாம். அப்போது வேலை செய்வது வடிகுமிழ் மட்டும்.

மறுப்பு இருப்பவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள். பிக்அப்புக்கு ‘அதிர்வேந்தி’ என்று கிருஷ்ணகிரி நண்பர் ஒருவர் சொன்னதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன். ‘ஒலிவாங்கி’யைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.