புதுப்பிப்பு: எதிர்த்தெருக் கந்தோர்க் கட்டடம்

கொழும்பில் எங்கள் தெருவுக்கு எதிரே இருக்கிற எழுபதுகளின் அரச கந்தோர்த் தொகுதியை மாற்றிக் கட்டப்போகிறார்கள், கருத்துக் கேட்கும் அறிவித்தலில் தமிழே இல்லை என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். என்ன நடந்தது என்று பலர் கேட்டீர்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வரைபடத்தைக் கேட்டுத் தமிழிலேயே விண்ணப்பித்தேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். பதின்மூன்றாம் நாள் சம்மதித்தார்கள். தமிழ் அறிவித்தலும் வாசலில் ஒட்டியாயிற்று.

கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு நாற்பது பேர் மட்டில் வந்தார்கள். கீழ்த்தள நடையில் வருடக்கணக்காகச் சாப்பாட்டுப் பார்சல் விற்கிற அக்கா, கட்டடக்கலைஞரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்த் துளை வைத்த கொங்கிரீட் சுவரில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். "தம்பி, உச்சி வெயிலிலயும் இதுக்குள்ளால காத்து வரும். இதை அடைச்சிட்டு ஏசி பூட்டப் போறீங்களா?" அந்தப் பிள்ளை உடனே கொப்பியில் குறித்துக்கொண்டார். அக்கா சொன்னது சரிதான். இலங்கையின் பெயர்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா எழுபதுகளில் அரச ஈட்டு வங்கிக்கு வடிவமைத்த மாடிக் கட்டடமும் இயற்கைக் காற்றோட்டத்தை நம்பியே எழுந்தது. நம் வெக்கைக்கு ஏற்ற அறிவு அது, இடித்துக் கொட்டும் குப்பை அல்ல.

துளைச் சுவரை வைத்திருக்கச் சம்மதம். ஆனால் பொதுசனம் குறுக்கே நடக்கும் கீழ்த்தளம் வரைபடத்தில் இன்னும் வாகனத் தரிப்பிடமாகவே இருக்கிறது. அதை நான் விடப்போவதில்லை. அந்த நடையில் எடுத்த பழைய படங்கள் யாரிடமாவது இருந்தால் தாருங்கள், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோகவேண்டும்.