ஸ்னாப்-ஆன் ஸ்பானரின் பல் நட்டைக் கடிக்குமா, கடிக்காதா?

டீசல்புகை:
நேற்று வேறொரு திரியில் ஒருவர் அடித்துவிட்டிருந்தார்: "காம்பினேஷன் ஸ்பானர் என்றால் ஸ்னாப்-ஆன். ஐரோப்பிய சாமான் எல்லாம் பெயருக்கு விற்கிற இரும்புத் துண்டு." கீழே கைதட்ட நாலு பேர் வேறு. ஆள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை, மணம் பிடித்து அவரே வருவார். துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் தலை நரைத்தவன் நான். ஸ்டால்வில்லே 1862 முதலும் ஹாசெட் 1868 முதலும் ஜேர்மனியில் நடக்கிற பட்டறைகள். அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் தொடங்கியதே 1920இல்தான். வயதை விடுங்கள். அவர் தூக்கிப் பிடிக்கிற ஃபிளாங்க் டிரைவ் பிளஸ் ஸ்பானரின் திறந்த வாய்க்குள் பாருங்கள். வரி வரியாகப் பல். அந்தப் பல் நட்டைக் கடிக்கும். நட்டைக் கடிக்கிற ஸ்பானரை நல்ல ஸ்பானர் என்று நான் சாகும்வரை சொல்லமாட்டேன்.

பஞ்சிகாவத்தைக்காரன்:
வந்துவிட்டேன் ஐயா, மணம் பிடித்துத்தான். அந்தப் பல் எதற்கு என்று எப்போதாவது யோசித்தீர்களா? சாதாரண திறந்த வாய் நட்டைத் தொடுவது எதிரெதிரான இரண்டு மூலைகளில் மட்டும். முழுப் பாரமும் அங்கேதான். மூலை மழுங்கும், வாய் விரியும், கை போய் ரேடியேட்டரில் இடிக்கும். பல் வைத்தால் அழுத்தம் மூலையை விட்டுத் தள்ளி நட்டின் தட்டையான பக்கத்தில் விழும். குவைத்தில் அமெரிக்க வண்டிகளோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன், துருப்பிடித்த நட்டில் உங்கள் ஜேர்மன்காரன் வழுக்கின இடத்தில் இவன் கழற்றினான்.

மொரட்டுவை மாணவன்:
ஒரு சின்னக் கேள்வி. தரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? வாயின் அளவுப் பிசகா, அதற்கு ஐஎஸ்ஓ 691 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. எவ்வளவு முறுக்கு தாங்கவேண்டும் என்பதா, அதற்கு ஐஎஸ்ஓ 1711 இருக்கிறது. உருக்கா, பூச்சா, பிடியா? முதலில் அதைத் தீர்த்துக்கொண்டால் பேசலாம்.

டீசல்புகை:
தம்பி, படிக்கிறது நல்லது, படியுங்கள். இங்கே கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பல் கடிக்குமா, இல்லையா?

பஞ்சிகாவத்தைக்காரரே, தட்டையான பக்கத்தில் அழுத்தம் விழும் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அப்போது தடமும் அங்கேதான் விழும். கிரேனின் ஹைட்ரோலிக் குழாய் நட்டுகளுக்கு மேலே மெல்லிய துத்தநாகப் பூச்சு. உங்கள் பல் அதைக் கீறிவிட்டால் கடல் காற்றுக்கு வாசல் திறந்தாயிற்று, கீறின இடத்திலிருந்துதான் துரு தொடங்கும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்களைக் கேளுங்கள், யன்னல் கம்பிக்கு என்ன கதி என்று சொல்வார்கள்.

பதினாலு எம்எம்:
இரண்டு பேரும் எந்த ஊரில் இருக்கிறீர்கள்? கொழும்பில் ஓடுகிறது விட்ஸும் அலியனும் வேகன் ஆரும். யப்பான் வண்டியில் எம்10 போல்ட்டுக்கு, அதாவது 10 எம்எம் தண்டுள்ளதுக்கு, பெரும்பாலும் 14 எம்எம் தலை. பழைய ஜேர்மன் தரத்தில் அதே போல்ட்டுக்கு 17, ஐஎஸ்ஓவில் 16. 10, 12, 14 மூன்றும் கையில் இருந்தால் பாதி வண்டி கழன்றுவிடும். கியோட்டோவின் கேடிசி கம்பெனி 1950 முதல் அதற்கென்றே செய்கிறான். யப்பான் வண்டிக்கு யப்பான் ஸ்பானர், முடிந்தது கதை.

டீசல்புகை:
தலைப்பில் யப்பான் இல்லை.

பழைய மொறிஸ்:
எம்எம் எம்எம் என்று சண்டை பிடிக்கிற பிள்ளைகளே, அங்குலம் என்று ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? என் மொறிஸ் மைனருக்கு அரை அங்குலம், பதினாறில் ஒன்பது அங்குலம் எல்லாம் வேண்டும். போன மாதம் கராஜில் ஒரு பையன் அரை அங்குல நட்டில் 13 ஸ்பானரைப் போட்டு முறுக்கினான். அரை அங்குலம் 12.7 எம்எம். புள்ளி மூன்று எம்எம் இடைவெளி. நட்டு உருண்டையாகிவிட்டது. அது ஐரோப்பிய ஸ்பானர்தான் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பஞ்சிகாவத்தைக்காரன்:
பார்த்தீர்களா ஐயா, பல் இல்லாத ஜேர்மன்காரன் நட்டை உருண்டையாக்கினான்!

டீசல்புகை:
அளவு தெரியாதவன் கையில் எந்த ஸ்பானரைக் கொடுத்தாலும் நட்டுக்குச் சாவுதான். முக்கால் அங்குலம் 19.05, அங்கே 19 போடலாம். அரை அங்குலத்தில் 13 போடக்கூடாது என்று எங்கள் காலத்தில் முதல் வாரமே சொல்லித்தருவார்கள். இதைக் கொண்டுவந்து பல் கதையை மூடப் பார்க்கவேண்டாம்.

இன்னொன்று கேட்கிறேன். காம்பினேஷன் ஸ்பானரில் ஒரு பக்கம் நட்டைச் சுற்றிப் பிடிக்கிற ரிங், ஒரு பக்கம் திறந்த வாய். இறுகின நட்டை ரிங்கால் இளக்கி, பிறகு திறந்த வாயால் ஓட்டிக் கழற்றுவதுதான் முறை. வாய் 15 பாகை சாய்ந்திருப்பது, இடமில்லாத இடத்தில் ஸ்பானரைத் திருப்பித் திருப்பிப் போட. ஓட்டிக் கழற்றுகிற பக்கத்துக்குப் பல் எதற்கு? இறுகின நட்டை இளக்க அந்தப் பக்கத்தைப் பாவிக்கிறவன் தொழில் தெரியாதவன். தொழில் தெரியாதவனுக்காகச் செய்த ஸ்பானர் அது.

பஞ்சிகாவத்தைக்காரன்:
பிரேக் பைப் நட்டில் ரிங்கை எப்படி மாட்டுவீர்கள்? பைப்பை வெட்டிவிட்டா?

டீசல்புகை:
பைப் நட்டுக்கு வாய் கொஞ்சம் திறந்த ரிங் தனியாக இருக்கிறது. ஒரு தரம் கண்ணால் பாருங்கள்.

பஞ்சிகாவத்தைக்காரன்:
அப்போ ஒரு நட்டுக்கு இரண்டு ஸ்பானர் வாங்கவேண்டும். நல்ல வியாபாரம். கமிஷன் உண்டோ?

கொட்டாஞ்சேனை மின்னல்:
ஒரு தகவல், யாரும் கோபிக்காதீர்கள். சுவீடன் ஸ்பானர் கம்பெனி பாக்கோ 1999 முதல் ஸ்னாப்-ஆன் கைக்குள். பிரெஞ்சு ஃபாகோமை 2006இல் அமெரிக்க ஸ்டான்லி வாங்கிவிட்டது. ஐரோப்பா எது, அமெரிக்கா எது என்று பிரிக்கவே முடியாத இடத்தில் நின்று சண்டை பிடிக்கிறீர்கள். அதோடு, ரிங்கில் மூலையை விட்டுப் பக்கத்தைத் தள்ளுகிற யோசனையை ஸ்னாப்-ஆன் 1960களிலேயே கொண்டுவந்தது. காப்புரிமை போனபிறகு எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். டீசல்புகை ஐயாவின் ஸ்டால்வில்லே ரிங்கில் ஏஎஸ்-டிரைவ் என்று இருப்பதும் அதே குடும்பம்தான்.

டீசல்புகை:
ரிங்கைப் பற்றி இங்கே யார் பேசினார்? நான் பேசுவது திறந்த வாய். ரிங்கில் வளைவாகத் தள்ளுவது வேறு, வாயில் பல் வைத்துக் கடிப்பது வேறு. என் ஸ்டால்வில்லே தண்டின் குறுக்குவெட்டு ஐ எழுத்து மாதிரி இருக்கும். மெல்லிசு, பாரம் குறைவு, ஆனால் வளையாது. மேலே மங்கலான பூச்சு, எண்ணெய்க் கையிலும் நிற்கும். ஸ்னாப்-ஆன் கண்ணாடி மாதிரி மினுங்கும், முகம் பார்த்துத் தலை வாரலாம். கிரேன் உச்சியில் நிற்கிறவனுக்குத் தலை வாருகிற வேலை இல்லை.

பஞ்சிகாவத்தைக்காரன்:
மினுக்கினால் துடைக்க லேசு. அழுக்கோடு பெட்டிக்குள் போடுகிறவர்களுக்கு அது விளங்காது. அதோடு உடைந்தால் புதுசு தருவான். அமெரிக்காவில் கராஜ் வாசலுக்கே வான் வரும்.

பதினாலு எம்எம்:
நம் வாசலுக்கு வருவது பாட்டுப் போட்டுப் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ. அவனிடம் மாற்றித்தரக் கேட்டுப்பாருங்கள்.

பழைய மொறிஸ்:
😂 மாலு பாணோடு ஒரு 17ம் தாங்கோ.

மொரட்டுவை மாணவன்:
தடம் விழுமா என்பதைச் சோதிப்பது சுலபம். ஒரே கம்பெனி நட்டு இரண்டு, ஒரே முறுக்கு, இரண்டு ஸ்பானர். படம் எடுத்துப் போட்டால் விஷயம் தெரிந்துவிடும். முறுக்கை அளக்கிற டோர்க் ரென்ச் என்னிடம் இருக்கிறது, இரவல் தருகிறேன்.

டீசல்புகை:
சோதிக்க என்ன இருக்கிறது? என் கண் பார்த்திருக்கிறது.

பஞ்சிகாவத்தைக்காரன்:
கண் பார்த்தது அசல் ஸ்னாப்-ஆனைத்தானா? பழைய சோனகத் தெருவில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் பொறித்துத் தருகிற கடை இருக்கிறது. குரோம் வனேடியம் உருக்கு என்று எழுதி நாலாவது நாள் வாய் பிளந்த செட்டை எனக்கே விற்றார்கள். அதை வைத்து அமெரிக்காவைத் திட்டவேண்டாம்.

டீசல்புகை:
போலியை வாங்கியது நீங்கள். திட்டு எனக்கா? என் கையில் இருந்தது கப்பலில் வந்த அமெரிக்க எஞ்சினியரின் சொந்தப் பெட்டியில் இருந்த ஸ்பானர். அசல். கடித்தது. பல் கடிக்கும்.

கொட்டாஞ்சேனை மின்னல்:
பற்றரித் திரியிலும் இப்படித்தான் "என் கண் பார்த்தது" என்று மூன்று பக்கம் ஓட்டினீர்கள்.

டீசல்புகை:
அந்தத் திரியில் நான் சொன்னது சரி. நீங்கள்தான் பதில் சொல்லாமல் ஓடினீர்கள், பக்கம் திருப்பிப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை மின்னல்:
ஓடவில்லை. எங்கள் பக்கம் கரண்ட் போனது.

பதினாலு எம்எம்:
கேடிசி 14 ஸ்பானர் ஒன்று யாரிடமாவது விலைக்கு இருக்கிறதா? என்னுடையதை ஒரு கராஜ் பாஸ் இரவல் வாங்கிக்கொண்டு போனவர் போனவர்தான்.

டீசல்புகை:
விற்பனைக்குத் தனித் திரி இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். பஞ்சிகாவத்தைக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை: ஓட்டிக் கழற்றுகிற பக்கத்துக்குப் பல் எதற்கு?

பஞ்சிகாவத்தைக்காரன்:
இரண்டு தரம் சொல்லிவிட்டேன். மேலே போய் வாசியுங்கள், கண்ணாடி போட்டு.

டீசல்புகை:
கண்ணாடி போட்டுத்தான் வாசித்தேன். மூலை, பக்கம், குவைத் என்று இருக்கிறது. பதில் இல்லை.