நீண்ட ஆங்கிலச் சொல்லைப் பிரித்துச் சொல்ல நேர்ந்தவர்களின் அனுபவங்கள்

அடையாறிலிருந்து ஓர் உறுப்பினர்:

மாலை நேரத்தில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்தும் என்னிடம், பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவி ஒருவர், கருத்தரங்கில் பேச வேண்டிய ‘எபிடீமியாலஜி’ என்னும் சொல்லைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தார். பள்ளியில் வெண்பாவை அலகிட்டுப் பழகியவர் ஆதலால், எபி, டீ, மியா, லஜி என்று நிரை, நேர், நிரை, நிரையாகப் பிரித்துவிட்டு, “நான்கு அசைதானே சார்?” என்றார். யாப்பின்படி அது சரியே. ஆனால் நம் நிரையசை இரண்டு உயிரொலிகளைச் சேர்த்து ஓரசையாகக் கொள்ளும். ஆங்கிலத்தின் அசையான சிலபிளோ உயிரொலிக்கு ஒன்றாகவே கணக்கிடப்படும். ஆகவே எ, பி, டீ, மி, ஆ, ல, ஜி என 7 வருகின்றன.

எண்ணிக்கை எளிதில் விளங்கியது, அழுத்தம்தான் வசப்படவில்லை. எல்லாவற்றையும் ஒரே கனத்தில் ஒலித்துக்கொண்டிருந்தார். ‘ஆலஜி’ என்று முடியும் சொற்களில் முதன்மை அழுத்தம் அந்த ‘ஆ’வின் மேல் விழும் என்றும், ‘இக்’ என்று முடிபவற்றில் பெரும்பாலும் அதற்கு முந்திய சிலபிளில் விழும் என்பதால் ‘எபிடெமிக்’கில் ‘டெ’ ஓங்கும் என்றும் சொன்னதும் பிடித்துக்கொண்டார். அழுத்தம் பெறாத ‘ல’ மங்கி ஒலிப்பதை விளக்கக் குற்றியலுகரம் கைகொடுத்தது: ‘பாட்டு’ என்பதன் ஈற்று உகரம் மாத்திரையில் குறைவதைப் போன்றதே அது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது விரைவில் வருகிறது என்பது என் கணிப்பு.

திருவல்லிக்கேணியிலிருந்து ஓர் உறுப்பினர்:

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் எனக்கு, பயிற்சி நூல் எழுதிய ஒருவருடன் வாதிட நேர்ந்தது. அமெரிக்க அகராதியில் தலைச்சொல்லின் நடுவே இடப்படும் புள்ளிகளை சிலபிள் எல்லைகளாகக் கொண்ட அவர், ‘அகைன்’ என்பதில் புள்ளி இல்லாததால் அதற்கு ஒரே சிலபிள் என்று எழுதியிருந்தார். அப்புள்ளிகள் வரியின் கடைசியில் சொல்லை எங்கே முறிக்கலாம் என்று காட்டுபவை; முதலெழுத்தை மட்டும் தனியே விட்டு முறிப்பது அச்சில் வழக்கமில்லை என்பதால்தான் அங்கே புள்ளி இல்லை. உச்சரிப்புக்கு, தலைச்சொல்லை அடுத்து வரும் ஒலிக்குறிப்பையே பார்க்க வேண்டும். பன்னாட்டு ஒலிக்குறி முறையில், அழுத்தம் பெறும் சிலபிளுக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு நிற்கும். நெடுநேரம் வாதிட்டபின் அப்பக்கத்தை மாற்றித் தர இசைந்தார். பெயர்ச்சொல்லாக வரும் ‘அரித்மெடிக்’ ‘இக்’ விதிக்கு அடங்காமல் இரண்டாம் சிலபிளில் அழுத்தம் பெறுவதை அடிக்குறிப்பாகச் சேர்க்கச் சொன்னேன்.