ஜூரி தீர்ப்பு நியாயமற்றது என்று அப்பீல்: ஆஸ்திரேலியாவில் எது எடுபடும், எது எடுபடாது

ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு, காரணம் எழுதாது. நம் செஷன்ஸ் தீர்ப்புகளைப் படித்துப் பழகியவர்கள் தடுமாறும் இடம் இது. பத்தி பத்தியாகப் பிடித்துத் தாக்க எதுவுமே இருக்காது. கையில் இருப்பது சாட்சியப் பதிவும் சான்றாவணங்களும்தான். நியூ சௌத் வேல்ஸில் 1912 குற்ற மேல்முறையீட்டுச் சட்டத்தின் 6(1), விக்டோரியாவில் 2009 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276 என்று பிரிவு மாறும், கேள்வி மாறாது. 1994-இல் ‘M’ என்ற எழுத்தால் மட்டும் குறிக்கப்படும் வழக்கில் ஹைகோர்ட் (அங்கே அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) வகுத்த கேள்வி அது: மொத்தச் சாட்சியத்தையும் பார்த்தால், சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றவாளி என்று முடிவுகட்ட ஜூரிக்கு வழி இருந்ததா?

அதோடு 2007 லிப்கே தீர்ப்பையும் சேர்த்துப் படிக்கணும். ஜூரிக்குச் சந்தேகம் வந்திருக்கலாம் என்று காட்டினால் தள்ளுபடிதான். வந்தே தீர்ந்திருக்க வேண்டும் என்று காட்டணும். பாதி மனுக்கள் “சாட்சி பொய் சொன்னார், முன்னுக்குப் பின் முரண்” என்பதோடு நின்றுவிடும். ஜூரி அந்த முரண்களைக் குறுக்கு விசாரணையில் நேரில் கேட்டுவிட்டுத்தானே நம்பியது?

புகார்தாரரின் நம்பகத்தன்மையைத் தொடாமலே ஜெயித்ததற்கு உதாரணம், மெல்பர்ன் பேராயராக இருந்த காலத்தில் தேவாலயத்தில் இரு சிறுவர்களைப் பாலியல் ரீதியாகத் தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜார்ஜ் பெல்லின் வழக்கு. விக்டோரியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் அவரது அப்பீலை 2-1 என்று தள்ளியது. 2020 ஏப்ரல் 7 அன்று ஹைகோர்ட்டின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக விடுவித்தார்கள். புகார்தாரரை ஜூரி நம்பியதை அவர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டு, மற்ற சாட்சியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பூசை முடிந்ததும் பேராயர் வாசற்படியில் நின்று மக்களைச் சந்திக்கும் வழக்கம், அங்கி அணிந்திருக்கையில் அவரோடு எப்போதும் ஒருவர் இருப்பது, சாக்ரிஸ்டி எனும் பூசை உடை மாற்றும் அறைக்குள் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தது. குற்றம் நடந்ததென்றால், இவ்வளவுக்கும் நடுவே ஐந்தாறு நிமிடம் அறை காலியாக இருந்திருக்க வேண்டும். இந்த வழக்கங்களைச் சொன்ன சாட்சிகளை அரசுத் தரப்பு உடைக்கவில்லை. முடிச்சு அங்கேதான்.

அதனால் வாதக் குறிப்பில் முதல் வேலை ஒரு அட்டவணை. குற்றத்தின் ஒவ்வொரு கூறுக்கும் எதிரே ஆதரவுச் சாட்சியம், எதிர்ச் சாட்சியம், பதிவின் பக்க எண். மறுக்கப்படாத சாட்சியத்துக்குத் தனிப் பத்தி. சாட்சியத்தின் வீடியோவைப் போட்டுப் பாருங்கள் என்று பொதுவாகக் கேட்பது எடுபடாது. பார்த்தால் மட்டுமே புலப்படும் விஷயம் எது என்று சொல்லணும் (2011, ‘SKA’ என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் ஹைகோர்ட் வழக்கு). புதுச் சாட்சியம் கிடைத்தால் அது வேறு காரணம், இதில் கலக்கக் கூடாது.

எதிர்த்திசையிலும் ஒரு வழக்கு இருக்கு. 2016-இல், மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பேடன்-கிளேயின் வழக்கில், குவீன்ஸ்லாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் கொலைத் தீர்ப்பை மனிதக்கொலையாக (கொல்லும் எண்ணம் நிரூபணமாகாத கொலை) குறைத்திருந்ததை ஹைகோர்ட் மாற்றி, ஜூரியின் தீர்ப்பையே திரும்ப நிறுத்தியது. மேல்முறையீட்டில் முன்வைத்த கருதுகோளுக்கு விசாரணையில் பேடன்-கிளேயே சொன்ன கதை இடம் கொடுக்கவில்லை. விசாரணையில் ஒன்று, அப்பீலில் இன்னொன்று என்றால் இதுதான் கதி.

கெடுவை மறக்காதீங்க. விக்டோரியாவில் தண்டனை அறிவித்த நாளிலிருந்து 28 நாள். ஹைகோர்ட்டுக்குச் சிறப்பு அனுமதி கேட்கவும் 28 நாள். இந்தக் காரணத்தில் ஜெயித்தால் பொதுவாக மறுவிசாரணை கிடையாது, நேரே விடுதலை. ஆனால் அதுவரை ஜாமீன் கிடைப்பது அபூர்வம். பெல்லே ஓராண்டுக்கு மேல் உள்ளே இருந்தார்.